கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையனை வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாமா?

கேள்வி: "அண்ணாச்சி, நானும் நண்பர்கள் சிலரும் நெல்லையில் ஒரு கூர்நோக்கு இல்லத்துக்கு (வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைக்கும் இல்லம்) ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். பதினேழு முடிந்தவர்களும் பதினெட்டைத் தொட்டவர்களும் அங்கே உண்டு. அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உதவலாம் என்று நினைத்தோம். 'கேஸ் இருக்கிறவனுக்கு ஏது ஓட்டு' என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா? செய்யலாம் என்றால் எப்படிச் செய்வது?"

தம்பி, கேஸ் இருந்தால் ஓட்டு கிடையாது என்று டீக்கடையில் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். சட்டத்தில் மட்டும் அப்படி இல்லை. நீங்கள் தாராளமாக உதவலாம். ஆனால் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய் நிரப்பிவிட்டு வருகிற வேலையாக இதை நினைத்துவிடாதீர்கள். நிரப்புவதற்குப் பத்து நிமிஷம் போதும். பையன் எந்த ஊர்க்காரன், எந்தத் தேதியில் பிறந்தவன் என்கிற இரண்டு கட்டங்களில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. நான் வருவாய்த் துறையில் தேர்தல் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சட்டத் தன்னார்வலராக, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்வருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு ஒரு சட்டம், ஓட்டுப் போடுவதற்கு இன்னொரு சட்டம். பெயர் சேர்ப்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வருகிறது. அதன் 16-ஆவது பிரிவு யாரையெல்லாம் சேர்க்கக் கூடாது என்கிறது: இந்தியக் குடிமகன் அல்லாதவர், மனநலம் சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர், தேர்தல் குற்றங்களுக்காகத் தகுதி இழந்தவர். அவ்வளவுதான். கைதானவர், வழக்கு நடக்கிறவர், தண்டனை பெற்றவர் யாரும் அந்தப் பிரிவில் இல்லை. பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6-ஐ மேலிருந்து கீழே வரை படித்துப் பாருங்கள், 'உங்கள் மேல் வழக்கு உண்டா' என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஓட்டுப் போடுவது 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறது. 62-ஆவது பிரிவின் 5-ஆவது உட்பிரிவு, சிறையில் இருப்பவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் ஓட்டுப் போட முடியாது என்கிறது. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. உச்ச நீதிமன்றமும் 1997-இல் இந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. பிறகு 2013-இல் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: இந்தத் தடை காரணமாக ஒருவர் வாக்காளர் இல்லை என்று ஆகிவிடமாட்டார். அதாவது, உள்ளே இருக்கும்வரை ஓட்டுப் போட முடியாது, ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க முடியாது.

கூர்நோக்கு இல்லம் சிறையா? இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவே, சிறாரை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இல்லங்கள் சிறைத் துறையின் கீழ் வருவதில்லை. சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் வருகின்றன. அங்கே இருப்பவனைக் கைதி என்று எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை. ஆகவே 62(5) தடை இவர்களைத் தொடாது என்பதுதான் என் வாசிப்பு. பெயர் சேர்ப்பதைப் பொறுத்தவரை வாசிப்பு, வாதம் எதுவும் தேவையில்லை. அது நேரடியான உரிமை.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது என்ற விதியை, ஓட்டே போட முடியாது என்று புரிந்துகொள்கிறார்கள். அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை வருமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. சிறார் விஷயத்தில் அந்தப் பயமும் பெரும்பாலும் தேவையில்லாதது. குற்றம் செய்ததாக முடிவானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவர்போல விசாரிக்கப்பட்ட 16 முதல் 18 வயதினருக்கு மட்டும்தான் இதில் விலக்கு.

சரி, பதினெட்டு வயதானவன் அங்கே எப்படி இருக்க முடியும் என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். 1989 மார்ச்சில் 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தபோது ஓட்டு வயது 21-லிருந்து 18-க்கு இறங்கியது. இளைஞர் நீதிச் சட்டமோ சிலரை 21 வயதுவரை தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. விசாரணை நடக்கும்போதே ஒருவனுக்குப் பதினெட்டு முடியலாம். அவனைத் தொடர்ந்து குழந்தையாகவே நடத்த வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. பதினேழில் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்துக்குப் பத்தொன்பதில் பிடிபட்டு, ஜாமீன் கிடைக்காவிட்டால், 'பாதுகாப்பு இடம்' என்ற தனி இல்லத்துக்குப் போவான். இந்த மூன்று வருஷ இடைவெளியில் இருப்பவர்கள்தான் நாம் பேசுகிற வாக்காளர்கள். சின்னக் கூட்டம்தான். அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை.

பதினேழு முடிந்தவனை விட்டுவிடாதீர்கள். 2022-லிருந்து தகுதி நாள், அதாவது பதினெட்டு முடிந்ததா என்று பார்க்கும் தேதி, வருஷத்துக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு முடிந்து வரும் அடுத்த தகுதி நாளில் பெயர் ஏறிவிடும். இல்லத்தில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் பொருந்தும்.

இனி ஊர் விஷயம். இதைத்தான் நன்றாகக் கவனிக்கச் சொல்வேன்.

நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள் முதலில் செய்ய நினைப்பது, பையனை இல்லத்தின் முகவரியிலேயே பதிவு செய்வது. எல்லாரும் ஒரே இடம், பட்டியலில் ஒரே பாகம், ஒரே பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்), வேலை சுலபம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 1950 சட்டத்தின் 20(2) பிரிவுப்படி, சிறையிலோ வேறு சட்டக் காவலிலோ வைக்கப்பட்டவர் அந்தக் காரணத்தினால் மட்டும் அந்த இடத்தில் வசிப்பவர் ஆகமாட்டார். அதே பிரிவின் 1ஏ உட்பிரிவு, சொந்த இடத்தைவிட்டுத் தற்காலிகமாக வெளியே இருப்பதால் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லாமல் போய்விடமாட்டார் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முக்கூடல் பையன் பாளையங்கோட்டையில் இருந்தாலும் முக்கூடல் வாக்காளர்தான்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். வாக்காளர் பட்டியல் என்பது யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கும் ஆவணம். பூத் ஏஜெண்டுகள் கையில் வரிசையாக இருக்கும். இல்லத்தின் கதவு எண் ஒரு பையன் பெயருக்கு எதிரே அச்சானால், அவன் எங்கே இருந்தான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்வது பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் இல்லை.

ஆக, பையனின் வீட்டு முகவரி. அதற்கான ஆவணம் அவன் பெயரில் இருக்க வேண்டியதில்லை. அதே முகவரியில் அம்மாவோ அப்பாவோ வாக்காளராக இருந்தால், அவர்கள் பெயரில் உள்ள மின் கட்டண ரசீது, கேஸ் பில், வங்கிப் புத்தகம், ஆதார் எதையாவது கொடுக்கலாம். பீடி சுற்றும் அம்மாக்கள் பீடித் தொழிலாளர் அட்டையைத்தான் பத்திரமாகப் பையில் வைத்திருப்பார்கள். அது படிவத்தில் சொல்லியிருக்கும் முகவரி ஆவணங்களில் இல்லை. வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மாவின் வாக்காளர் அட்டை எண்ணையும் படிவத்தில் எழுதுங்கள். அப்போதுதான் பையன் பெயர் அதே பாகத்தில், குடும்பத்தோடு வரும்.

அதற்கு முன்னால் அம்மா, அப்பா பெயரே பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்பு தீவிரத் திருத்தத்தில் கணக்கெடுப்புப் படிவம் வீடு வீடாக வந்தது. வீடு பூட்டிக் கிடந்தவர்கள், கோர்ட்டும் வக்கீலுமாக அலைந்தவர்கள், தகராறுக்குப் பயந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் அதைத் தவறவிட்டிருக்கலாம். புதிதாகச் சேர்கிறவர்களிடம் படிவம் 6-உடன் ஓர் உறுதிமொழியும் அப்போது கேட்டார்கள்; பழைய பட்டியலில் பெற்றோர் பெயர் எங்கே இருந்தது என்ற விவரம் அதில் வரும். பெற்றோர் பெயர் விட்டுப்போயிருந்தால் அவர்களுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். ஒரு பையனுக்காகத் தொடங்கி ஒரு வீட்டையே பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவருவதும் நடக்கும்.

விண்ணப்பம் போனதும் பிஎல்ஓ வீட்டுக்கு வருவார். கிராமத்தில் பிஎல்ஓ பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சராகவோ உள்ளூர் ஊழியராகவோ இருப்பார், அதே தெருக்காரராகவும் இருக்கலாம். "பையன் எங்க?" என்று கேட்கத்தான் செய்வார். அம்மா இங்கேதான் தடுமாறுவார். பொய் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 1950 சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் கேஸ் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "இப்ப வெளியூர்ல இருக்கான், இதுதான் அவன் வீடு, திரும்பி இங்கதான் வருவான்" என்பது உண்மை, சட்டத்துக்கும் அது போதும். இன்னும் துருவிக் கேட்டால் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லலாம். வாக்காளர் அட்டையும் தபாலில் அந்த வீட்டுக்குத்தான் வரும்.

திரும்பிப் போக முடியாத பையன்களும் உண்டு. நம்ம பக்கத்து வழக்குகளில் பள்ளிக்கூடத்தில் தொடங்கி சாதித் தகராறாக முடிந்தவை கணிசம். ஜாமீன் கிடைத்தாலும் ஊருக்குள் வரக் கூடாது என்று பெரியவர்களே முடிவு செய்து, திருப்பூருக்கோ மும்பை தாராவியில் இருக்கும் மாமா வீட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். சில நேரம் குடும்பமே காலி செய்துகொண்டு போய்விடும். அப்படிப்பட்டவனைப் பழைய முகவரியில் சேர்ப்பது அவனுக்கும் ஆபத்து, சட்டப்படியும் சரியில்லை. குடும்பம் இப்போது எங்கே குடியிருக்கிறதோ அங்கே சேருங்கள். எங்கே போவான் என்றே முடிவாகவில்லை என்றால் காத்திருங்கள். ஏற்கெனவே பெயர் இருந்தால், இடம் மாறியதும் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா அப்பா இல்லாதவனுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் பெயரை எழுதப் படிவத்திலேயே இடம் உண்டு. பதினெட்டு முடிந்து இல்லத்தைவிட்டு வெளியேறிப் பிற்காப்பு இல்லத்தில் தங்கியிருப்பவனின் நிலைமை வேறு. அது காவல் இல்லை. அவன் விருப்பப்பட்டுத் தங்குகிற இடம், உண்மையிலேயே அவன் குடியிருக்கும் முகவரி. அங்கேயே பதிவு செய்யலாம்.

அடுத்தது பிறந்த தேதி. ஊரைத் தப்பாக எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும். தேதியைத் தப்பாக எழுதினால் அவன் வழக்கே திசைமாறும்.

ஒருவன் சிறாரா இல்லையா என்பதுதான் இந்த வழக்குகளின் அஸ்திவாரம். சந்தேகம் வந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. இந்த வரிசையில் ஆதார் வரவே இல்லை. வாக்காளர் படிவமோ ஆதாரைப் பிறந்த தேதிக்கான ஆவணமாக ஏற்கிறது. நம் பையன்களின் ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். முகாமில் தேதி தெரியாமல் நின்ற ஆயாவோ தாத்தாவோ சொன்ன வருஷம் அது.

ஒரு கணக்குப் போடுவோம். பள்ளிச் சான்றில் 2007 ஜூன் 20. ஆதாரில் 2007 ஜனவரி 1. சம்பவம் 2025 மார்ச் 10. பள்ளிச் சான்றுப்படி அன்று பதினேழு வயது, அவன் சிறார். ஆதார்ப்படி பதினெட்டு முடிந்தவன். நீங்கள் அவசரத்தில் ஆதாரை இணைத்து, ஜனவரி 1-ஐ எழுதி, அவன் கையெழுத்தும் வாங்கி அனுப்புகிறீர்கள். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வாக்காளர் விண்ணப்பத்தை எடுத்துவைத்து, 'தனக்கு இந்த வயது என்று இவனே உறுதிமொழி கொடுத்திருக்கிறான் பாருங்கள்' என்பார். அது கடைசியில் நிற்குமா நிற்காதா என்பது அப்புறம். அவன் வக்கீலுக்கு இல்லாத தலைவலியை நாம் உண்டாக்கிக் கொடுத்துவிடுவோம்.

அதனால் குழுமம் எந்தத் தேதியை ஏற்றுக்கொண்டதோ அதையே எழுதுங்கள். நன்னடத்தை அலுவலரிடம் கேட்டால் சொல்வார். வயதுச் சான்றின் நகல் வழக்குக் கோப்பில் இருக்கும், குடும்பத்தாரிடமும் ஒன்று இருக்கும். அவன் குழந்தை என்று காட்டிய அதே காகிதம்தான் அவன் வாக்காளர் என்பதையும் காட்டப்போகிறது. ஆதார் தேதி வேறாக இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். 'ஆதார் எண் இல்லாததால் தர இயலவில்லை' என்று குறிக்கப் படிவத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அது ஆதாரே இல்லாதவனுக்குத்தான். வயது பற்றிய தகராறு குழுமத்தில் நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை படிவத்தைத் தொடவே தொடாதீர்கள். அவன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தப் பையனுக்கும் கையெழுத்து வாங்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வக்கீல் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

இல்லத்துக்குள் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். நகல் ஒன்று குழுமத்துக்கு, ஒன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. குடும்பத்தார் பார்க்க வரும் நாளை ஒட்டி வைத்துக்கொண்டால் ஆவணங்களும் கையோடு வரும். படிவத்துக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த சாதாரண பாஸ்போர்ட் போட்டோ வேண்டும். வழக்குக்காக எடுத்த படத்தை வெட்டி ஒட்ட வேண்டாம், அந்த அட்டையை அவன் ஆயுசுக்கும் வைத்திருக்கப் போகிறான். இணையத்தில் விண்ணப்பித்தால் ஓடிபி அம்மா நம்பருக்கு வரட்டும். விருப்பம் இல்லாதவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். எந்தக் கட்சி என்று பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போட்டோ பற்றி இன்னொன்று. ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள் வந்தால் அதிகாரிகளுக்கு நிகழ்ச்சி வேண்டும், நிகழ்ச்சி என்றால் படம் வேண்டும். முகத்தை மறைத்துத்தானே போடுகிறோம் என்பார்கள். முதுகை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற ஊர் நம்முடையது. மறுத்துவிடுங்கள்.

பையன்கள் உங்களிடம் கேட்கப்போகிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, என் ஒரு ஓட்டுல என்ன ஆயிரப் போகுது?" ராதாபுரத்தைச் சொல்லுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 49 ஓட்டு. தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியதில் தகராறு வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வள்ளியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் இந்தக் கதை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தேர்தல் அன்று உள்ளேயே இருந்தால்? நடைமுறை இங்கே சட்டத்தைவிடக் குறுகலானது. இல்லத்தில் பூத் கிடையாது. தபால் ஓட்டு பெறும் வகையினரில் இல்லத்தில் இருப்பவர் வருவதில்லை. மிச்சம் இருக்கும் வழி இளைஞர் நீதிச் சட்டத்தின் 98-ஆவது பிரிவு. தேர்வு, உறவினர் கல்யாணம், சாவு, பெற்றோரின் கடும் நோய் போன்ற விசேஷ சந்தர்ப்பங்களுக்குக் குழுமம் மேற்பார்வையோடு விடுப்பு தரலாம் என்கிறது அது. ஓட்டுப் போடுவதும் அப்படி ஒரு சந்தர்ப்பம்தான் என்று வக்கீல் மனுப் போடலாம். போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் பையனிடம் 'கட்டாயம் கிடைக்கும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இதற்காக மனம் தளரவும் வேண்டாம். ஜாமீன் சிறாருக்கு விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிற மாதிரிதான் அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவை எழுதியிருக்கிறார்கள். கூர்நோக்கு இல்லத்தில் இன்று நீங்கள் பார்க்கும் முகங்கள் அடுத்த தேர்தலின்போது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். அன்றைக்குப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்றால் இன்றைக்கு விண்ணப்பம் போக வேண்டும். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதற்குப் பத்து நாள் முன்பே வந்து சேர்ந்தால்தான் விசாரித்து முடிக்க நேரம் இருக்கும். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலைத்தான் அடிப்படையாக எடுக்கிறார்கள், ஆகவே பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கும் இதே பதிவு போதும். பல பையன்களுக்கு எம்எல்ஏவைவிடப் பஞ்சாயத்துத் தலைவர்தான் நிஜமான ஆள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பையன்களைப் பார்க்க வரும் குடும்பங்கள் கேட்கும். அதே வழக்கில் மாட்டிய பத்தொன்பது வயது அண்ணன் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருப்பான். விசாரணைக் கைதியாக இருக்கும்வரை அவனுக்கு ஓட்டு இல்லை. பெயரை வீட்டு முகவரியில் சேர்க்கத் தடையில்லை, இருக்கிற பெயரை நீக்கவும் முடியாது. 'ஜெயிலில் இருக்கிறான்' என்று யாராவது படிவம் 7 போட்டு நீக்கச் சொன்னால் 2013 திருத்தத்தைக் காட்டுங்கள். அவனே குண்டாஸில் இருந்தால் கதை வேறு. 1982-ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டம் தடுப்புக் காவல் வகை. 62(5) தடை தடுப்புக் காவலில் இருப்பவருக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அவருக்குத் தபால் ஓட்டு உண்டு. தேர்தல் அறிவித்த பதினைந்து நாளுக்குள் அரசு அவர் பெயரைத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், அவரே எழுதியும் கேட்கலாம். ஜாமீன் கிடைக்காமல் ஜெயிலில் இருக்கும் திருட்டு வழக்குக் கைதிக்கு ஓட்டு இல்லை, குண்டாஸ் போட்டவனுக்கு உண்டு. விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது. அதற்கும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் தபால் ஓட்டு என்பதால், பெயர் சேர்ப்பதை எந்த நிலையிலும் தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பம் போனதும் வரும் குறிப்பு எண்ணை அம்மாவின் போனில் சேமித்துவையுங்கள். நிலவரம் தெரிய 1950-க்கு அழைக்கலாம். 'ஆள் வீட்டில் இல்லை' என்று தள்ளிவிட்டால் அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதினைந்து நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவரவில்லை என்றால் முப்பது நாளுக்குள் சென்னையில் தலைமைத் தேர்தல் அலுவலரிடம். மனுவில் 1950 சட்டத்தின் 20-ஆவது பிரிவின் 1ஏ உட்பிரிவை மட்டும் எழுதுங்கள், தற்காலிகமாக வெளியூரில் இருப்பதாகச் சொல்லுங்கள். இல்லத்தின் பெயரோ வழக்கு எண்ணோ அதில் வர வேண்டாம். நெல்லை மாவட்டத்துப் பையன் என்றால் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத் தேர்தல் பிரிவில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தென்காசி, தூத்துக்குடி என்றால் அந்தந்தக் கலெக்டர் அலுவலகம்.